வாழை என்றால் இடது பக்கம்

எங்கள் முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். கோல் போஸ்டுக்கு முன்னால் நின்றவள் நான் என்பதால், வாங்கியது நான்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அன்று காலையில் மைக்கில் எங்கள் பள்ளியின் பெயரை மரியாதையாகச் சொன்ன ஆளுக்கு, மத்தியானம் அதே பெயரைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் எங்களில் யாரும் அழவில்லை. யார் எந்த கோலுக்குக் காரணம் என்று பாறசாலை வரும்வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள அரசுப் பள்ளி எங்களுடையது. தமிழ் மீடியம், மலையாளம் மீடியம் இரண்டும் உண்டு. அணியில் பாதிப்பேர் தமிழ் மீடியம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு. உயரமும் பெரிய தொண்டையும் இருந்ததால் என்னை கோலில் நிறுத்தியிருந்தார்கள். வேறு தகுதி எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியை எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. இரக்கத்தோடு பேசினார். அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

"மதி மக்களே, போதும். ஆசைக்கு ஒருக்கா களிச்சாச்சு. அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ். இனி படிப்பைப் பாருங்க. டீமை நிறுத்திடலாம்."

எங்கள் பத்தாம் நம்பர் முன்னால் நின்றாள். ரப்பர் வெட்டுக்காரரின் மகள். ஒல்லி, ஆனால் பந்து காலில் பட்டுவிட்டால் அதை அவளிடமிருந்து வாங்க நாலுபேர் வேண்டும். அவள் தலையைக் குனியாமல் சொன்னாள்:

"டீச்சர், ஒம்பது கோல் வாங்கினது நாங்களாக்கும். நிறுத்தணுமா வேண்டாமாண்ணு நாங்க சொல்லுதோம்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இனிமேல் ஒரு டீச்சராவது கூட வராமல் வெளியூர் ஆட்டத்துக்கு விட முடியாது, பள்ளியில் விளையாட்டு டீச்சரும் இல்லை, யார் வருவார்கள் என்று கேட்டார். அவர் அதைக் கதவை அடைப்பதற்காகக் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் வராந்தாவில் கேட்டுக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் உள்ளே தலையை நீட்டினார்.

"எனக்கு பந்துகளியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா கூட வாறேன். சனியாழ்ச்ச வீட்டில இருந்தா எனக்கெ மாமியாரிட்ட ஏச்சு கேக்கணும்."

கடைசிவரை அவர் எங்களுக்கு எதையும் சொல்லித்தரவில்லை. மைதானத்தின் ஓரத்தில் குடையை விரித்து உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவார். கோல் விழுந்தால் "நம்ம அடிச்சதா, அவங்க அடிச்சதா?" என்று கேட்பார். அவரைப்போல ஒரு நல்ல டீச்சரை நான் பார்த்ததில்லை.

ஜெயிக்கிற ஸ்கூல் டீம் என்றால் என்ன வேண்டும் என்று இப்போதும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். நல்ல கோச், டர்ஃப் மைதானம், முட்டையும் பாலும், காலையில் ஓட்டம், பெரியவர்கள் சொன்னால் கேட்கும் ஒழுக்கம். முதல் நாலும் எங்களிடம் இல்லை. ஐந்தாவது எங்களுக்கு வரவே இல்லை.

மைதானமே எங்கள் முதல் பிரச்சினை. பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் பக்கத்தில் இருந்த எங்கள் சபை மைதானத்துக்குப் போனோம். இரண்டாம் நாளே சபைக் கமிட்டியின் பெரியவர் ஒருவர் வந்து கேட்டின் அருகே நின்றார். எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லித்தந்தவர். ஷார்ட்ஸ் போட்டு ஆடக்கூடாது, முழுக்கால் பாண்ட் போட்டு வந்தால் ஆடலாம் என்றார்.

எங்கள் இடது விங் ஆடுகிறவள் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: "பையன்மாரு இஞ்ச ஷார்ட்ஸ் போட்டுதானே களிக்கினும்? அவனுவளுக்கும் முட்டு உண்டல்லியா?"

"அது வேற, மோளே."

"முட்டு எப்பிடி வேறயாவும்?"

அவர் என்னைத்தான் பார்த்தார். சபைப் பிள்ளை நான்தானே, இவளை அடக்கு என்பதுபோல. நான் பந்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கேட்டைச் சாத்தும்போது அவர் "கோபிக்காதுங்க" என்றார். கோபித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வது?

விங் ஆடுகிறவளின் அம்மா குன்னத்துகால் போகும் வழியில் கொஞ்சம் விளை நிலம் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழை போட்டிருந்தார். அந்த வருஷம் காற்றில் பாதி வாழை சாய்ந்து, விளையின் ஒரு பக்கம் வெறுமனே கிடந்தது. மகள் போய்க் கேட்டதும் அவர் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார்.

"களிச்சுக்கிடுங்க. எனக்கெ வாழையில பந்து பட்டா பட்டவளுக்கெ காலை ஒடிப்பேன். கேட்டியளா?"

அப்படித்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. சரிவான செம்மண் விளை. மேலே பார்த்து நின்றால் இடது பக்கம் வாழை, வலது பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு. வாழைக்குப் பயந்து பந்தை மெதுவாகத் தட்டப் படித்தோம். கிணற்றுக்குப் பயந்து பந்தை ஓட விடாமல் நிறுத்தப் படித்தோம். பந்து கிணற்றில் விழுந்தால் விட்டவள் வாளி போட்டு எடுக்க வேண்டும். அவள் எடுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று, அது எப்படி விழுந்தது என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்வோம்.

கோச் இல்லாத இடத்தில் வாய்தான் கோச். கோலில் நின்றால் எல்லோருடைய முதுகும் தெரியும். யாருக்கும் தெரியாத இடைவெளியும் தெரியும். நான் கத்துவேன். 'இடது', 'வலது' என்று கத்தினால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓடும்போது குழம்பும். "எட்டி, வாழைக்கு!" என்றால் குழம்பாது. "கிணத்துக்கு!" என்றாலும் குழம்பாது. பிறகு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் எங்களுக்கு இடது பக்கம் வாழையும் வலது பக்கம் கிணறும் இருந்தன.

எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. போட்டது பத்தாம் நம்பர். ஆட்டத்துக்கு நடுவில் யாரும் 'ஸாரி' சொல்லக்கூடாது. "ஸாரி சொல்லுத நேரத்துல பந்துக்குப் பொறத்தால ஓடு" என்பாள். திட்டு வாங்கினால் திருப்பித் திட்டலாம், ஆனால் ஓடிக்கொண்டே திட்ட வேண்டும். பார்ப்பவர்களுக்கு நாங்கள் பதினொரு பேரும் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்வதுபோல இருக்கும். அந்த வருஷத்தின் கடைசியில் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடிய ஆட்டங்களில் தோற்பதை நிறுத்தியிருந்தோம். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தோம்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். நெய்யாற்றின்கரை போகும் வழியில் பெரிய தனியார் பள்ளி ஒன்று. டர்ஃப் மைதானமும் கோச்சும் ஹாஸ்டலும் உண்டு. அங்கிருந்து வந்தவர் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு நேராகப் பத்தாம் நம்பரின் வீட்டுக்குப் போனார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவளை அங்கே சேர்த்துக்கொள்கிறோம், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

அவள் விளைக்கு வந்து எங்களிடம் சொன்னபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எப்போதும் சத்தம் போடுகிற கூட்டம் அது. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏசுங்கட்டி" என்றாள். "எதாவது சொல்லி ஏசுங்க."

விங் ஆடுகிறவள்தான் கேட்டாள்: "பூட்ஸ் தருவினுமா?"

"தருவினும்."

"அப்பம் போ."

எனக்கு அவ்வளவு பெரிய மனசு வரவில்லை. அவள் போய்விட்ட பிறகும் கோலில் நின்று அவளைக் கூப்பிட வாயெடுத்து, பாதியில் விழுங்கியிருக்கிறேன். ஆனால் ஊர் அவளைத் துரோகி என்று பேசியபோது எனக்கு வேறு கோபம் வந்தது. சபைக்கு வெளியே ஒரு மாமி, "சோறு கண்ட எடத்துக்குப் போயிட்டா பாத்தியா" என்றாள். "ஒங்க மோன் துபாய்க்குப் போனது பின்ன எதுக்கு மாமி?" என்று கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் இல்லாமல் நாங்கள் கலைந்துவிடுவோம் என்று தலைமையாசிரியை நினைத்தார். உள்ளுக்குள் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சாயங்காலமானால் கால்கள் விளைக்குத்தான் போயின. கோல் அடிக்கிற ஒருத்தி இல்லாததால் எல்லோரும் கோல் அடிக்க வேண்டியிருந்தது. அவலட்சணமான கோல்கள். தோளில் பட்டவை, தடுக்கி விழுந்தபோது பட்டவை. எதுவானாலும் கோல் கோல்தான். அந்த வருஷம் சப் ஜில்லாப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டமாகத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே நீல ஜெர்ஸியில் அந்தப் பெரிய பள்ளி. அவர்களுடைய வரிசையிலும் பத்தாம் நம்பர் போட்டு அவள் நின்றாள்.

கை கொடுக்கும்போது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது. நான் "வாழைக்கு!" என்று கத்தினால், பந்து கிளம்பும் முன்பே அவள் இடது பக்கம் ஓடியிருந்தாள். "கிணத்துக்கு!" என்றால் வலது பக்கம் நின்றாள். அவளுடைய கூட்டுக்காரிகள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்தது. அந்த வார்த்தைகளை எங்களோடு சேர்ந்து உண்டாக்கியவளே அவள்தானே. அப்படி நடுவில் ஒரு பந்தைப் பறித்து, எங்கள் இரண்டு பேரைத் தாண்டி, என் வலது கைக்குக் கீழே அடித்தாள். கோல். அவள் துள்ளவில்லை. திரும்பி நடந்தாள்.

என் தொண்டை ரெஃபரிக்கும் பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "எந்தா மோளே இது, சந்தயாணோ?" என்றார். ஓரத்தில் நின்ற யாரோ எங்கள் தமிழைக் கேட்டு "பாண்டிக் கூட்டம்" என்று சொல்லிச் சிரித்தது கேட்டது.

"சார், பேசினா ஃபவுலா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். நியாயமான மனிதர். "இல்ல" என்றார்.

"அப்பம் பேசுவேன் சார்."

இடைவேளையில் கணக்கு டீச்சர் ஆரஞ்சு உரித்துத் தந்தார். வார்த்தைகளை மாற்றிவிடலாம் என்று ஒருத்தி சொன்னாள். வாழை என்றால் வலது, கிணறு என்றால் இடது. விங் ஆடுகிறவள் அவளை முறைத்தாள்.

"மாத்தாண்டாம். மாத்தினா அவ கொழம்ப மாட்டா, நாம கொழம்புவோம். கேக்கட்டும். நல்லா கேக்கட்டும்."

அப்போது எங்கள் பின்வரிசையில் ஆடுகிற, உயரம் குறைந்த ஒருத்தி, வாயில் ஆரஞ்சோடு சொன்னாள்: "எனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல கேட்டியா. அவ எப்பளும் ஒங்களுக்கெ பேச்சைக் கேட்டு நடுவில வந்து நிக்கா. எனக்கெ பக்கம் வாறதுக்கு ஆளே இல்ல. நான் மேல போவட்டா?"

நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அது உண்மை. எங்கள் பேச்சைப் பிடிப்பதற்காகப் பத்தாம் நம்பர் தன் இடத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தாள். அவர்களுடைய கோல் அடிக்கும் கால் எங்கள் கோலிலிருந்து வெகுதூரத்தில் நின்றது.

"போ" என்றேன். "நான் இன்னும் சத்தமா கத்துதேன்."

கத்தினேன். அந்த மைதானத்துக்கு வெளியே ரோட்டில் போன பஸ்ஸுக்குள்ளும் கேட்டிருக்கும். "வாழைக்கு! வாழைக்கு! மக்கா, வாழைக்கு!" நான் கத்தக் கத்த அவள் இடது பக்கம் ஓடினாள். அவர்களுடைய கோச் கோட்டருகே நின்று "முன்னோட்டு போ, முன்னோட்டு!" என்று அவளைத் திட்டினார். அவளால் போக முடியவில்லை. காதில் விழுந்ததை விழாததுபோல ஒரு ஆட்டக்காரியால் எப்படி இருக்க முடியும்? விங் ஆடுகிறவள் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு பந்தைப் பின்னால் தட்டினாள். பின்னாலிருந்து ஓடிவந்த உயரம் குறைந்தவள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். தான் கண்ணை மூடியதை அவளே பிறகு எங்களிடம் சொன்னாள். பந்து உள்ளே கிடந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். கோலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து கால்கள். பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. திடீரென்று எங்கள் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விங் ஆடுகிறவளின் முழங்காலில் பட்டு உள்ளே போயிருந்தது. கணக்கு டீச்சர் குடையை எறிந்துவிட்டு எழுந்து நின்று, "நம்மதா? நம்மதுதானே?" என்று பக்கத்தில் இருந்த ரிசர்வ் பிள்ளையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியதும் பத்தாம் நம்பர் தனியாக நின்றாள். அவளுடைய அணி அவளைக் குற்றம் சொல்லியபடி போயிற்று. நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு அவளிடம் போனேன்.

"வாழைண்ணு விளிச்சிட்டு கிணத்துக்குப் போயிருந்தா நான் அப்பளே தோத்திருப்பேன்" என்றாள். "எதுக்கு மாத்தல்ல?"

"நீ போனதுக்கு நாங்க எதுக்குட்டி மாத்தணும்?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி. மற்றவர்களும் ஓடிவந்து, அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த ஏச்செல்லாம் அவளை ஏசித் தீர்த்தார்கள். அவளுடைய பள்ளி வண்டி ஹாரன் அடிக்கும்வரை ஏசினார்கள்.

அடுத்த வாரம் ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் தலைமையாசிரியை இருந்தார், பி.டி.ஏ. தலைவர் இருந்தார், பஞ்சாயத்து மெம்பர் இருந்தார், சபைக் கமிட்டிப் பெரியவர் இருந்தார். கீழே மூலையில் நாங்கள் பதினொரு பேரும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருந்தோம். வாழைக்காரம்மா அதன் முன்னால் நின்று, "இதில எனக்கெ மோள் யாருண்ணு ஒரு லென்ஸ் வச்சுக் காட்டுங்கடே" என்று சத்தமாகக் கேட்டாராம்.

எங்களுக்கு எந்த மைதானத்தின் கேட்டைச் சாத்தினார்களோ அங்கேயே வரவேற்பு என்றார்கள். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் ஏற்பாடு. சுடிதார் போட்டு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஜெர்ஸியும் ஷார்ட்ஸுமாகப் போனோம், பதினொரு பேரும். என் அம்மா முதலில் கத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் ஜெர்ஸியை அவளே இஸ்திரி போட்டுத் தந்தாள். மேடையில் பொன்னாடை போர்த்த வந்த பெரியவர் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். விங் ஆடுகிறவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

"ஸார், கோல் அடிச்சது இந்த முட்டாக்கும்."

முதலில் சிரித்தது பாஸ்டர். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, ஆனால் போர்த்தினார். நன்றியுரை முடிவதற்குள் நாங்கள் பொன்னாடைகளை நாற்காலியில் போட்டுவிட்டு மைதானத்தில் இறங்கிவிட்டோம். பந்து முன்பே வந்திருந்தது. யாரும் கேட்டருகே வந்து நிற்கவில்லை.

ஜில்லாப் போட்டியில் மழையில் நனைந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்கிவிடும். ஏதோ நான் கதையைக் கெடுத்துவிட்டதுபோல. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. நன்றாக ஆடியவர்களிடம் தோற்றோம், அவ்வளவுதான்.

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். விங் ஆடியவள் நர்ஸிங் படித்துவிட்டு பெங்களூரில். பத்தாம் நம்பர் திருச்சூர்ப் பக்கத்தில் ஒரு காலேஜ் டீமில் ஆடுகிறாள். ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் சேர்ந்து ஏழுபேர் ஆட்டம் ஆடுகிறோம். கல்யாணமானவர்களும் வருகிறார்கள், பிள்ளையை ஓரத்தில் கணவனிடம் கொடுத்துவிட்டு வருகிறவளும் உண்டு.

போன மாசம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். திருப்புறம் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள். பையன் வங்கியில் வேலை. அவனுடைய அம்மா சாயாவை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "கல்யாணம் களிஞ்சும் இந்த பந்துகளியெல்லாம் உண்டா மோளே?"

என் அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"உண்டு ஆன்ட்டி" என்றேன். "ஞாயிறாழ்ச்ச மூணு மணிக்கு. நான் கோல்கீப்பர்."

அவர் "ஓ" என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அம்மா அவர்களுக்குப் பலகாரம் பொதிந்து கொடுத்து அனுப்பிவிட்டு, அடுக்களையில் பாத்திரத்தை இரண்டு தடவை ஓங்கி வைத்தாள்.

"கொஞ்சம் பைய சொல்லியிருக்கலாமே மக்கா" என்றாள்.

"பைய சொன்னா எங்க டீமில யாருக்கும் கேக்காதும்மா" என்றேன்.

அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும். அவர்கள் வந்துபோனதற்கு அடுத்த ஞாயிறு மழைக் கோளாக இருந்தது. ஆள் குறைவாக வந்திருந்தார்கள். மூன்று மணிக்கு நான் கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றேன்.